உதடு அசைந்த குற்றம்

எங்கள் சந்துக்கு அதிவேக இணையம் வந்து நான்கு வருஷம் ஆகிறது. தாராவியில் சந்து என்றால், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய இடம். அந்தச் சுவரில், தண்ணீர்க் குழாய்க்கும் மின்சார மீட்டருக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பெட்டியை அறைந்துவிட்டுப் போனார்கள். அன்று முதல் எங்களுக்கு எல்லாமே கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைக்கிறது. காலையில் கக்கூஸுக்கு மட்டும் பழையபடி வரிசையில் நிற்கிறோம். ஒரு நாள் அப்படி நிற்கும்போது கையிலிருந்த போனுக்கு ஒரு செய்தி வந்தது: உங்கள் பகுதியின் சுகாதார வசதிக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? வாளியைக் கீழே வைத்து, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

நான் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருஷம் கணக்கும் அறிவியலும் நடத்தியவள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிய பிறகு வீட்டு மாடி அறையில் டியூஷன் எடுக்கிறேன். எட்டடிக்குப் பத்தடி. கீழே பை தைக்கும் பட்டறை, அதில் ஆறு மெஷின். வலது பக்கம் மாவு அரைக்கிற வீடு. இடது பக்கத்து வீட்டில் காது கேட்காத ஒருவர் டிவி பார்க்கிறார். இத்தனைக்கும் நடுவில் மனதுக்குள் படி என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். வாய்விட்டுப் படிக்க வேண்டும், மெஷின் சத்தத்தைத் தாண்டி அவரவர் குரல் அவரவர் காதில் விழ வேண்டும்.

அதோடு இன்னொரு பழக்கத்தையும் நான்தான் பழக்கினேன். பத்தாவது வரை தமிழில் படித்த பிள்ளைகள் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கேள்வியைப் பார்த்ததும் மிரண்டுபோவார்கள். "கேள்விய மொதல்ல தமிழ்ல உனக்கே சொல்லு. சொல்ல வந்துட்டுன்னா புரிஞ்சிட்டுன்னு அர்த்தம். பொறவு எழுது" என்பேன். என் பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது பார்த்தால், ஒவ்வொரு கேள்விக்கும் உதட்டை அசைத்து முணுமுணுத்துக்கொண்டுதான் பேனாவை எடுப்பார்கள். எத்தனையோ பேர் அப்படி முணுமுணுத்தே தேறினார்கள். எனக்கு அதில் கர்வம் கூட இருந்தது.

இணையத்தால் நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வருமானச் சான்றிதழ் வாங்க ஒரு காலத்தில் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தவர்கள், இப்போது என் வீட்டுப் படியில் உட்கார்ந்து வாங்கிப் போகிறார்கள். வகுப்பில் எனக்கே பிடிபடாத வேதியியல் பாடங்களைப் பிள்ளைகள் காணொளியில் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லித் தருகிறார்கள். அதெல்லாம் சரிதான். நான் சொல்ல வந்தது வேறு.

மாவு அரைக்கிற வீட்டுப் பெண் என்னிடம் ஆறாவதிலிருந்து படித்தவள். அம்மா விடியுமுன் மாவு அரைத்து, மாட்டுங்கா பக்கம் தலையில் சுமந்து விற்கும் இட்லிக்காரர்களுக்குக் கொடுப்பாள். அப்பாவுக்குக் கல்யாணில் ஒரு கிடங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பெண்ணுக்குப் பதினெட்டு வயதில் ஒரே ஆசை, ஆய்வகப் பரிசோதனை டிப்ளமோ. "ரத்தம் எடுக்குற வேலை இல்ல டீச்சர், ரத்தத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற வேலை" என்று திருத்துவாள். பாடமெல்லாம் வீட்டிலிருந்தே இணையத்தில், செய்முறை செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில். கட்டணம் கிடையாது, நுழைவுத்தேர்வில் தேற வேண்டும். இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் கீழ்ப் பட்டறையில் ஏழாவது மெஷின் போட்டு அவளை உட்கார வைப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேர்வும் இணையத்தில்தான். வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். எவ்வளவு கருணை! அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது, சுவரில் எதுவும் இருக்கக்கூடாது. இந்த விதிகளை எழுதியவன் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதினான் என்று தெரியவில்லை. அவன் வீட்டில் படிக்க ஓர் அறை, படுக்க ஓர் அறை இருக்கும். எங்கள் வீடுகளில் ஓர் அறைதான், அதில் சுவர்தான் அலமாரி.

தேர்வு நாளன்று அவள் அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டாள். பட்டறைக்காரரிடம் நான் போய்க் கேட்டேன். மூன்று மணி நேரம் ஆறு மெஷினையும் நிறுத்தினார். டிவி பார்ப்பவரை அவர் மகன் பக்கத்திலிருக்கும் சயானில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டான். அவள் வீட்டுச் சுவரிலிருந்த சாமி படங்களைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தோம். என் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துத் திறந்ததும் திரை முதலில் இணைப்பின் வேகத்தைச் சோதித்து, மிகச் சிறப்பு என்று பச்சையில் ஒரு குறி போட்டது. பிறகு லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டச் சொன்னது. கூரையைக் காட்டச் சொன்னது. கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னது. அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில்தான் குடும்பமே இருக்கிறது. பாத்திரம், தார்ப்பாய், அழுக்குத் துணி, உள்பாவாடை எல்லாம். வயசுப்பெண் அத்தனையையும் முகம் தெரியாத யாருக்கோ குனிந்து காட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, நானும் ஒரு டீச்சர்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். சந்தே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கப் போவதைப் பார்த்து யாரோ ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்கள். வெங்காயம் விற்க வந்தவனைக் கையாலேயே துரத்தினோம். மூன்று மணி நேரம் தாராவியில் ஒரு சந்து பேசாமல் இருந்தது. அவள் வெளியே வந்து, "நல்லா எழுதிருக்கேன் டீச்சர்" என்றதும் பட்டறைக்காரர் ஆறு மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டார்.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. தேர்வு ரத்து. காரணம்: தேர்வின்போது வேறொருவருடன் உரையாடல். பேசிய மொழி: அடையாளம் காண இயலவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சந்து முழுவதையும் ஊமையாக்கிய நான், அவள் உதட்டை மறந்துபோனேன். கேள்வியைத் தமிழில் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பழக்கிய பழக்கம். முன்பெல்லாம் தேர்வு அறையில் மேற்பார்வையாளர் ஒருவர் நடந்துகொண்டிருப்பார். பிள்ளை முணுமுணுத்தால் பக்கத்தில் வந்து நிற்பார், காது கொடுப்பார், தனக்குத்தானே பேசுகிறது என்று தெரிந்ததும் போய்விடுவார். இந்தக் கேமராக் கண் பக்கத்தில் வருவதில்லை. அது பாட்டுக்கு எங்கிருந்தோ எண்ணிக்கொண்டிருக்கிறது. எங்கள் இணைப்பு மிகச் சிறப்பாக இருந்ததால் ஒவ்வொரு அசைவையும் துல்லியமாக எண்ணியிருக்கிறது. பழைய நெட்டாக இருந்திருந்தால் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, உதடும் தெரிந்திருக்காது, ஒன்றும் தெரிந்திருக்காது.

"சாண் ஏறுனா மொழம் சறுக்குதே டீச்சரம்மா" என்று அவள் அம்மா மாவுக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

புகார் போட்டேன். அதற்கும் ஒரு தளம் இருக்கிறது. இரண்டே நாளில் பதில் வந்தது: உங்கள் குறை தீர்க்கப்பட்டது. என்ன தீர்ந்தது, யார் தீர்த்தார் என்று ஒரு வரி கிடையாது. கீழே வழக்கம்போல ஐந்து நட்சத்திரம். மறுபடி போட்டேன், மறுபடி தீர்ந்தது. பழைய நாளில் நான் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இருந்தார். வாய் நிறையப் பான், வேலை ஒன்றும் நடக்காது. ஆனால் அவர் மேஜைக்கு முன்னால் மதியம் வரை அசையாமல் நின்றால், டப்பாவைத் திறந்து சாப்பிட வெட்கப்பட்டாவது காகிதத்தை எடுப்பார். இப்போது யாரை வெட்கப்பட வைப்பது? காறித் துப்பலாம் என்றால் அதற்கும் ஒரு முகம் வேண்டாமா?

மூன்றாவது புகாருக்குக் காணொளி விசாரணை கொடுத்தார்கள். பதினைந்து நிமிஷம். என் மாடி அறையில் நானும் அவளும் உட்கார்ந்தோம். திரையில் ஓர் அதிகாரி வந்தார். படம் அவ்வளவு தெளிவு, அவர் மேஜையில் கிடந்த பிஸ்கட் தூள் கூடத் தெரிந்தது. வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் ஒரு காட்சியை ஓட்டினார். தேர்வு எழுதும் அவள் முகம் திரை முழுக்க. புருவம் சுருங்குகிறது, உதடு அசைகிறது, தலை லேசாக ஆடுகிறது, எழுதுகிறாள். மறுபடி உதடு அசைகிறது. தன் முகத்தை அப்படிப் பார்த்ததும் அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"கிஸ்ஸே பாத் கர் ரஹீ தீ?" என்று கேட்டார். யாரிடம் பேசிக்கொண்டிருந்தாயாம்.

"குத் ஸே, சார்" என்றாள். என்னிடமே, சார்.

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் கூட எனக்கு அத்தனை அருவருப்பாக இருந்திருக்காது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். விதியை மீறிப் பேசினேன், இனி செய்ய மாட்டேன் என்று ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. நாளை மாலை ஐந்துக்குள் அதில் மின்கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரத்தில் மறுதேர்வு. போடாவிட்டால் விஷயம் குழுவுக்குப் போகும், குழு கூடுவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். நான்கு நிமிஷத்தில் திரை அணைந்தது. மீதிப் பதினொரு நிமிஷத்தை என்ன செய்தாரோ, பிஸ்கட்டை முடித்திருப்பார்.

"போட மாட்டேன் டீச்சர்" என்றாள்.

"ஒரு படிவம்தானட்டி" என்றேன்.

"நான் யார்ட்டயும் பேசல. பேசுனேன்னு எப்படி எழுதிக் குடுப்பேன்? குழுவுக்கே போட்டும்."

அன்று ராத்திரி அவள் அம்மா கெஞ்சினாள், திட்டினாள். கல்யாணிலிருந்து அப்பா போனில் பேசினார். அவள் அசையவில்லை. பதினெட்டு வயதில் நியாயம் என்பது கையில் வைத்திருக்கிற பொருள் மாதிரி, யாரும் பிடுங்க முடியாது என்று நினைப்போம். குழு கூடாது என்று எனக்குத் தெரியும். கூடினாலும் அந்தச் சிரிப்புதான் பதில்.

இங்கே எங்கள் சந்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தப் படிவம் நிரப்பினாலும் கைபேசி எண் என்ற இடத்தில் என் எண்ணைத்தான் போடுவார்கள். பல வீடுகளில் ஒரே போன், அதையும் ஆண்கள் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ரீசார்ஜ் தீர்ந்தால் எண்ணே மாறிவிடும். டீச்சர் எண் மாறாது. ரேஷன், உதவித்தொகை, பென்ஷன் என்று நாற்பது வீட்டு ஓடிபி என் போனுக்கு வரும். கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாரும் ஒரு நாள் கூட அந்த நோட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் விண்ணப்பத்திலும் என் எண்தான்.

மறுநாள் நாலரை மணிக்கு, தேர்வுத் தளத்தில் இருந்த அவள் பக்கத்துக்குள் நானே போனேன். உறுதிமொழி வந்தது. நான் முறைகேட்டில் ஈடுபட்டதை ஒப்புக்கொள்கிறேன். கட்டத்தில் குறியிட்டேன். என் போன் அதிர்ந்தது. ஆறு எண்ணையும் அடித்தேன். நன்றி, உங்கள் கையெழுத்து ஏற்கப்பட்டது என்றது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. அந்தக் காலத்தில் ஒருத்தி பெயரில் பொய் எழுதிக் கொடுக்க வேண்டுமானால் முத்திரைத்தாள் வாங்க வேண்டும், சாட்சி பிடிக்க வேண்டும், நோட்டரிக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலில் எங்காவது ஓரிடத்தில் எனக்குப் புத்தி வந்திருக்கும்.

"மேலிடத்துல பேசிட்டாங்களாம். ஒம்மேல தப்பு இல்லன்னுட்டாங்க. திரும்ப எழுதலாம்" என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாத்தீங்களா டீச்சர், நான் சொன்னேம்லா" என்றாள். அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பத்து நாள் நான் செய்தது இன்னும் கேவலம். வாய்விட்டுப் படி என்று சொன்ன நானே அவள் உதடுகளுக்கு நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கவ்வக் கொடுத்து, அது விழாமல் கணக்குப் போடச் சொன்னேன். காகிதம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் இருபதுக்கு ஏழுதான் சரி. வாயை மூடினால் அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். ஒரு சிறுமி என்னிடம் ரகசியமாக, "நாங்களும் வாய மூடணுமா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் திட்டினேன்.

மறுதேர்வுக்கு மாட்டுங்காவில் ஓர் அறை கிடைத்தது. என்னோடு அதே பள்ளியில் வேலை பார்த்த சிநேகிதி வீடு. பாலக்காட்டுக் குடும்பம், பிள்ளைகள் வெளிநாட்டில். "தாராளமா வரச் சொல்லுங்கோ, ஒரு ரூம் சும்மாத்தானே பூட்டிக் கெடக்கறது. ஏசி போட்டு விடட்டுமா?" என்றாள். அந்த அறையில் கட்டிலுக்கு அடியில் தரை மட்டும்தான் இருந்தது. நாங்கள் இருவரும் ஹாலில் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. சிநேகிதி பஞ்சு எடுத்துவர உள்ளே போனாள். நான் எப்படி எழுதினாய் என்று கூடக் கேட்கவில்லை.

இடம் கிடைத்தது. பட்டியலில் கடைசியிலிருந்து நாலாவது. சந்து முழுவதும் அவள் அம்மா ஜிலேபி கொடுத்தாள். பட்டறைக்காரர் இரண்டு ஜிலேபி எடுத்துக்கொண்டு, "இனி ஏழாவது மெஷின் வாங்க வேண்டாம்" என்று சிரித்தார். எனக்குக் கொடுத்த ஜிலேபியை நான் தின்றேன். இனிக்கத்தான் செய்தது.

சேர்க்கைக்குச் செம்பூர் போன அன்று, அவள் வீட்டுக்குப் போகாமல் நேராக என் மாடிக்கு ஏறி வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கையில் அவள் கோப்பின் அச்சுப்பிரதி. சான்றிதழ் சரிபார்த்த இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது பக்கத்தை என் முன்னால் வைத்தாள். முறைகேட்டில் ஈடுபட்டதை ஒப்புக்கொள்கிறேன். கீழே அவள் பெயர், தேதி, மாலை நாலு முப்பத்திரண்டு.

"அந்த நேரம் நான் அம்மா கூட மாவு அள்ளிட்டு இருந்தேன்" என்றாள்.

பிள்ளைகளைக் கீழே அனுப்பினேன். "எடம் கெடச்சிட்டுல்லாட்டி" என்றேன்.

"கெடச்சிட்டு. கள்ளின்னு எழுதிக் குடுத்துக் கெடச்சிருக்கு."

"அத யாரு பாக்கப் போறா? ஆயிரம் கோப்புல ஒரு கோப்பு."

"நான் பாத்துட்டேம்லா."

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பிள்ளைக்கு இதே நிலை வந்தால் இதையேதான் செய்வேன் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அதிகாரி மேல் எனக்கு இருந்த அருவருப்பு அப்போது என் மேலேயே வந்தது. அவராவது அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் கேட்கக்கூட இல்லை.

அவள் பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள். அப்பா வாங்கிக் கொடுத்த புதுப் போன், சேர்க்கைக்காக. "என் பக்கத்துல நம்பர மாத்தணும்" என்றாள். "பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். அத மட்டும் சொல்லுங்க."

என் போன் அதிர்ந்தது. ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் அடித்தாள். அடுத்த ஓடிபி அவள் போனுக்கே வந்தது. அதை நான் பார்த்துவிடாதபடி திரையைக் கையால் மறைத்துக்கொண்டு அடித்தாள்.